ஆணியில் தொங்கும் கௌதாரி: பரோக் ஓவியங்களில் வேட்டைப் பிராணிகள்

ஒரு சுண்ணாம்புச் சுவர். அதில் ஓர் ஆணி. ஆணியில் ஒற்றைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்ட ஒரு கௌதாரி. படத்தில் இருப்பது அவ்வளவுதான். மேசை இல்லை, பழக்கூடை இல்லை, ஆள் இல்லை. யான் பாப்டிஸ்ட் வேனிக்ஸ் என்ற டச்சு ஓவியர் 1650ஐ ஒட்டி வரைந்த இந்தப் படம் இப்போது ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தின் உயரம் ஏறக்குறைய அரை மீட்டர். சுவரில் விழும் நிழலைக் கவனித்தால் ஓவியர் என்ன செய்யப் பார்க்கிறார் என்பது புரிந்துவிடும். உங்கள் வீட்டுச் சுவரில் இதை மாட்டினால், உள்ளே நுழைகிறவர் ஒரு நொடியாவது நிஜப் பறவை என்று நினைக்க வேண்டும். அதுதான் குறி.

இதை முதலில் பார்த்தபோது எனக்கு எழுந்தது ஒரே கேள்வி. செத்த பறவையின் படத்தைக் காசு கொடுத்து வாங்கி எந்த மனுஷன் வீட்டில் மாட்டினான்?

ஒருவர் இருவர் அல்ல, ஏராளமானவர்கள் மாட்டினார்கள். ஐரோப்பாவின் பெரிய அருங்காட்சியகங்களில் இந்த மாதிரிப் படங்கள் வரிசையாகத் தொங்கும். கழுத்து மடங்கிக் கிடக்கும் அன்னம், பின்னங்காலில் கட்டிய முயல், அதன் மூக்கு நுனியில் ஒரு சொட்டு ரத்தம், பக்கத்தில் வேட்டைக் கொம்பு. வருகிற கூட்டம் இவற்றை வேகமாகக் கடந்து பிரபலமான படங்களைத் தேடிப் போய்விடும். சைவம் சாப்பிடுகிறவர்கள் மட்டுமல்ல, ஞாயிறு தவறாமல் கறி எடுக்கிறவர்களும் இங்கே கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். நானும் அப்படிக் கடந்து போனவன்தான். அந்த ஒரு கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இவற்றின் முன்னால் நிற்கக் கற்றுக்கொண்டேன்.

முதலில் பெயர். பூச்சாடி, பழத்தட்டு, மேசைமேல் கிடக்கும் பாத்திரம் என்று அசையாத பொருட்களை வரைவதை நாம் ‘ஸ்டில் லைஃப்’ என்கிறோம். டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ‘ஸ்டில்லேவன்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்தது. அசையாமல் இருக்கும் மாதிரி என்பது அதன் பொருள். பிரெஞ்சுக்காரர்கள் பின்னாளில் வைத்த பெயர் ‘நேச்சர் மோர்ட்’, அதாவது செத்த இயற்கை. பூவுக்கும் பழத்துக்கும் இந்தப் பெயர் கொஞ்சம் கடுமைதான். ஆனால் நம் கௌதாரிக்கு அச்சாகப் பொருந்துகிறது. பரோக் என்பது சுமாராக 1600 முதல் 1750 வரை ஐரோப்பியக் கலையில் ஓங்கியிருந்த பாணி. கூர்மையான வெளிச்சம், ஆழமான இருட்டு, நிரம்பி வழியும் காட்சி, பார்ப்பவரைச் சட்டையைப் பிடித்து இழுக்கும் நாடகத்தன்மை இவை அதன் குணங்கள். பெரும் ஓவியர்களான ரூபன்ஸும் ரெம்ப்ரான்டும் இந்தக் காலத்தவர்கள்.

விலங்குகள் இந்தப் படங்களுக்குள் சமையலறை வழியாகத்தான் நுழைந்தன. 1551இல் பீட்டர் ஆர்ட்சன் ஓர் இறைச்சிக் கடையை வரைந்தார். அப்போது அவர் இருந்தது ஆன்ட்வெர்ப் நகரில், இன்றைய பெல்ஜியத்தில். முன்னால் தோலுரித்த மாட்டுத் தலை, பன்றித் தலை, சரம் சரமாகத் தொங்கும் இறைச்சிக் குழல்கள், மீன், கோழி. படத்தில் முக்கால்வாசி இடம் இவற்றுக்கே. அப்புறம் கண்ணைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோனால், கடைக்கு அப்பால் சின்னதாக ஒரு காட்சி தெரியும். குழந்தை ஏசுவோடு எகிப்துக்குத் தப்பிப் போகும் மரியாள், வழியில் ஒரு ஏழைக்கு ரொட்டி கொடுக்கிறாள். அதுவரை மதக்காட்சிதான் நடுவில் இருக்கும், உணவுப் பண்டங்கள் ஒரு மூலையில் கிடக்கும். ஆர்ட்சன் அதைத் தலைகீழாக்கினார். கறியைப் பார்த்து ஏசுவைத் தவறவிடாதே என்று எச்சரிக்கிறாரா, இல்லை கறியை வரைய அவருக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டதா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். மாட்டுத் தலையின் ஈரப் பளபளப்பைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது.

அடுத்த இரண்டு தலைமுறையில் அந்தச் சாக்கும் தேவைப்படவில்லை. அதற்கு முக்கியக் காரணம் ஃபிரான்ஸ் ஸ்னைடர்ஸ். 1579இல் ஆன்ட்வெர்ப்பில் பிறந்தவர், இத்தாலி போய்விட்டு 1609இல் ஊர் திரும்பினார். நல்ல நேரம் பார்த்துத்தான் திரும்பினார். ஸ்பெயினுக்கும் டச்சு மாகாணங்களுக்கும் நடந்த நீண்ட போர் அந்த வருடம் 12 ஆண்டு ஒப்பந்தத்தால் நின்றது. பல ஆண்டு அடிபட்ட நகரத்தில் மறுபடி பணம் புழங்கியது. மாளிகைச் சுவர்களில் நிறைவைக் காட்டும் பெரிய படங்களுக்குக் கிராக்கி வந்தது. ஸ்னைடர்ஸ் அந்த நிறைவை வண்டி வண்டியாகக் கொடுத்தார்.

அவர் 1614இல் வரைந்த ஒரு சந்தைக் காட்சி சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், மூன்று மீட்டர் அகலம். மேசை நிறையச் செத்த பறவைகளும் விலங்குகளும், சுற்றிலும் பழமும் காய்கறியும். நடுவில் வயதான வியாபாரி ஒருவர். அவருக்குத் தெரியாமல் ஒரு பையன் அவருடைய பணப்பையில் கைவைக்கிறான். கீழே இரண்டு சேவல்கள் சண்டை போடுகின்றன. சரக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மடியில் இருப்பது போய்விடும் என்ற பழைய எச்சரிக்கை இங்கேயும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் திருடன் மதத்திலிருந்து வந்தவன் இல்லை, தெருவிலிருந்து வந்தவன். ஆர்ட்சனுக்கும் ஸ்னைடர்ஸுக்கும் நடுவில் ஓடிய அறுபது வருடங்களின் வித்தியாசம் இதுதான்.

ஸ்னைடர்ஸின் படங்களைத் தொடர்ந்து பார்த்தால் ஒரு தந்திரம் பிடிபடும். குவியலுக்கு நடுவில் பெரும்பாலும் வெள்ளையாக ஒரு பெரிய உருவம் இருக்கும், அனேகமாக ஓர் அன்னம். அதன் கழுத்து மேசை விளிம்பைத் தாண்டித் தொங்கும். பக்கத்தில் சிவப்பாகச் சிங்கி இறால், பழுப்பாகக் காட்டுப்பன்றித் தலை, சாம்பல் நிற மான். வெள்ளையில் தொடங்கும் கண் கழுத்து வழியே இறங்கி, சிவப்பைத் தொட்டு, மறுபடி மேலே ஏறும். தாறுமாறாகக் கொட்டிவைத்தது போலத் தெரியும் இந்தக் குவியல் உண்மையில் அளந்து அடுக்கியது. அதே பன்றித் தலையும் அதே அன்னமும் வேறு வேறு படங்களில் திரும்பத் திரும்ப வரும். பட்டறையில் இருந்த மாதிரிப் படங்களைப் பார்த்துத்தான் அவரும் உதவியாளர்களும் வரைந்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக ஒரு பன்றியை வாங்கிப் போட்டு அது நாறும்வரை உட்கார்ந்திருக்கவில்லை.

அந்தக் காலத்து ஓவியர்கள் வேலையைப் பங்குபோட்டுக்கொள்வார்கள். ரூபன்ஸ் எவ்வளவு பெரிய ஆள்! ஆனால் விலங்கு என்று வந்தால் பல நேரம் ஸ்னைடர்ஸைத்தான் கூப்பிட்டார். மலையில் கட்டிப்போட்ட கிரேக்கப் புராணத்து ப்ரொமிதியஸின் ஈரலைக் கழுகு கொத்துவதாக ரூபன்ஸ் வரைந்த படம் ஃபிலடெல்ஃபியாவில் இருக்கிறது. 1618இல் அதை விற்கும்போது வாங்குபவருக்கு எழுதிய கடிதத்தில், படம் தன் கையால் வரைந்தது, கழுகை மட்டும் ஸ்னைடர்ஸ் வரைந்தார் என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். இதை அவர் மறைக்கவில்லை. சரக்கின் மதிப்பைக் கூட்டும் தகவலாகவே சொன்னார். பிற்பாடு ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப் மாட்ரிட்டுக்கு வெளியே இருந்த தன் வேட்டை மாளிகையை அலங்கரிக்க ஆன்ட்வெர்ப்பிலிருந்து படங்களை வரவழைத்தபோது, புராணக் கதைகள் ரூபன்ஸுக்கும் விலங்குகள் ஸ்னைடர்ஸுக்கும் அவர் மைத்துனர் பால் டி வோஸுக்கும் போயின. ஸ்னைடர்ஸ் நன்றாகவே சம்பாதித்தார். ஆன்ட்வெர்ப்பில் அவர் வாழ்ந்த வீடு இப்போது பக்கத்து வீட்டோடு சேர்த்து அருங்காட்சியகமாக இருக்கிறது.

காசு வந்ததே தவிர மரியாதை வரவில்லை. 1667இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஃபெலிபியென் ஓவிய வகைகளுக்கு ஒரு படிநிலை எழுதினார். உச்சியில் வரலாற்று, புராணப் படங்கள். அடியில் பழம், பூ, சிப்பி வரைபவர்கள். உயிருள்ள விலங்கை வரைபவர், செத்த அசையாத பொருளை வரைபவரைவிட ஒரு படி மேல் என்றும் சொல்லிவைத்தார். டச்சு ஓவியர் ஹூக்ஸ்ட்ராட்டன் 1678இல் இன்னும் பச்சையாகவே எழுதினார்: ஸ்டில் லைஃப் ஓவியர்கள் கலை என்னும் படையில் சாதாரணச் சிப்பாய்கள். அந்தக் கணக்குப்படி நம் கௌதாரி கடைசி வரிசையில் நிற்கிற சிப்பாய்.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். யார் வாங்கினார்கள், எதற்கு?

படத்தில் இருப்பது கோழியா கௌதாரியா என்று முதலில் பார்க்க வேண்டும். கோழி பணம் இருக்கிற யாருக்கும் கிடைக்கும். கௌதாரி, காட்டு முயல், மான், காட்டுப்பன்றி, அன்னம் எல்லாம் வேறு ரகம். அன்றைய ஐரோப்பாவின் பெரும்பகுதியில் வேட்டை என்பது சட்டம் கட்டிப்போட்ட உரிமை. எந்த விலங்கை யார், எங்கே, எதைக்கொண்டு, எந்தப் பருவத்தில் கொல்லலாம் என்பதற்கெல்லாம் விதி இருந்தது. பெரிய விலங்குகள் அரசருக்கும் பிரபுக்களுக்கும் உரியவை. காட்டோரத்தில் குடியிருக்கும் ஏழை, தன் வயலை மேய்ந்த மானைக் கொன்றால் அது குற்றம். டச்சுக் குடியரசில் அரசர் இல்லை, வியாபாரிகள்தான் கொடிகட்டிப் பறந்தார்கள். ஆனால் அங்கேயும் வேட்டைச் சட்டங்கள் பழைய பிரபு வம்சங்களுக்குச் சாதகமாகவே இருந்தன. ஆம்ஸ்டர்டாம் வியாபாரியிடம் கப்பலில் பங்கு இருக்கும், கால்வாய்க் கரையில் வீடு இருக்கும், ஊருக்கு வெளியே தோட்ட வீடுகூட இருக்கும். இல்லாதது ஒன்றே ஒன்று, மானைக் கொல்லும் பிறப்புரிமை.

மானைக் கொல்லத்தான் சட்டம் தடை. மானின் படத்தை மாட்டத் தடை இல்லை.

17ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் டச்சு வேட்டைப் படங்களுக்கு வந்த கிராக்கியை இப்படித்தான் பல கலை வரலாற்றாசிரியர்கள் விளக்குகிறார்கள். எனக்கும் இது ஒப்புக்கொள்ளும்படி இருக்கிறது. சந்தைக் குவியலின் காலம் போய், வேட்டையின் வெற்றிச் சின்னம் வந்தது. நூறு பிராணிகளுக்குப் பதில் ஒரு முயல், இரண்டு கௌதாரி. மேசைக்குப் பதில் பளிங்குத் திண்ணை. பக்கத்தில் வெல்வெட் பை, வெள்ளிப் பூண் போட்ட துப்பாக்கி, மருந்துக் குப்பி, வல்லூற்றின் கண்ணை மூடும் சின்னத் தோல் குல்லா. வல்லூறு வளர்த்துப் பறவை பிடிப்பது மேட்டுக்குடியின் விளையாட்டு. அந்தக் குல்லா படத்தில் கிடந்தாலே இது யார் வீட்டு வேட்டை என்று பார்க்கிறவருக்குப் புரிந்துவிடும்.

இந்த ரகத்தில் கெட்டிக்காரர் வில்லம் ஃபான் ஆல்ஸ்ட். இத்தாலியில் ஃபிளாரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்துக்கு வரைந்து பழகியவர். ஊர் திரும்பி ஆம்ஸ்டர்டாமில் குடியேறிய பிறகும் கையெழுத்தில் தன் பெயரை இத்தாலியப் பாணியில்தான் போட்டார். 1661இல் அவர் வரைந்த ஒரு வேட்டைப் படம் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. தொங்கும் பிராணிகளுக்குக் கீழே உள்ள பளிங்குக்கல்லில் ஒரு புடைப்புச் சிற்பம். வேட்டைத் தெய்வமான டயானா குளிப்பதை ஆக்டியான் என்ற வேடன் பார்த்துவிட்ட கதை. தெய்வம் கோபத்தில் அவனை மானாக்கிவிட, அவன் வளர்த்த நாய்களே அவனைக் கடித்துக் குதறின. மேலே வேட்டையாடப்பட்ட முயல், கீழே வேட்டையாடப்பட்ட வேடன். வாங்கியவர் இதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டாரா, தன் புராண அறிவைக் காட்டிக்கொள்ள மாட்டினாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

நம் கௌதாரியை வரைந்த வேனிக்ஸின் மகன் யான் வேனிக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். முயலுக்குப் பின்னால் ஒரு தோட்டத்தைத் திறந்துவிட்டார். தூரத்தில் மாளிகை, சிலை, பெரிய பூந்தொட்டி, மாலை வானம். முயலைக் கொன்றவர் அந்த மாளிகைக்காரர் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் படம் அப்படி நினைக்க வைக்கிறது. இவரை நிஜப் பிரபுக்களும் தேடி வந்தார்கள். 1702 முதல் 1714 வரை ஜெர்மானியச் சிற்றரசர் யோஹான் வில்ஹெல்முக்காகக் கொலோன் அருகே பென்ஸ்பெர்க் வேட்டை மாளிகைக்குச் சுவரளவு பெரிய படங்களை வரைந்தார். வேட்டை உரிமை உள்ளவருக்கும் அதே ஓவியர், இல்லாதவருக்கும் அதே ஓவியர்.

ரெம்ப்ரான்டுக்கும் இந்த ஆசை கொஞ்சம் இருந்திருக்கிறது. லெய்டன் ஊரில் மாவு மில் வைத்திருந்தவரின் மகன் அவர். 1639இல் ஆம்ஸ்டர்டாமில் தன் சக்திக்கு மீறிய விலையில் ஒரு பெரிய வீட்டை வாங்கினார். அதே ஆண்டு, வேட்டைக்காரன் வேடத்தில் தன்னையே வரைந்துகொண்டார். கையில் கொக்கு இனப் பறவை ஒன்றைக் காலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறார். வெளிச்சம் முழுக்கப் பறவையின் மேல், அவர் முகம் நிழலில். படம் டிரெஸ்டனில் இருக்கிறது. அந்தப் பறவை அவர் சுட்டதாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இந்தப் படங்களைப் பற்றி எழுதும் பலரும் உடனே சாவைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். வாழ்க்கை நிலையற்றது, எல்லாம் மடியும் என்று. மண்டையோடு, அணைந்த மெழுகுவர்த்தி, மணல் கடிகாரம் வைத்து வரைந்த வேறொரு ஸ்டில் லைஃப் வகை உண்டு, அதற்கு இது சரியாகப் பொருந்தும். வேட்டைப் படங்களில் நான் காண்பது பெரும்பாலும் கர்வமும் பசியும்தான். செத்தது முயல், நான் இல்லை என்கிற தெம்பு. தவிர, டச்சுக்காரர்களுக்குக் குறும்பும் அதிகம். பறவை என்ற சொல்லிலிருந்து வந்த ‘ஃபோகலன்’ என்ற டச்சு வினைச்சொல்லுக்குப் பறவை பிடிப்பது என்று ஒரு பொருள், படுக்கையறை சம்பந்தமாக இன்னொரு பொருள். கப்ரியேல் மெட்சு வரைந்த படம் ஒன்றில் வேட்டையிலிருந்து வந்த ஆண் ஒருவன், தைத்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் ஒரு கௌதாரியை நீட்டுகிறான். அவள் கை பிரார்த்தனைப் புத்தகத்தை நோக்கிப் போகிறது. அலமாரியின் மேல் காமதேவன் சிலை. பறவையை வாங்குவாளா, புத்தகத்தை எடுப்பாளா? அந்தக் காலத்து ஆள் இதைப் பார்த்ததும் சிரித்திருப்பார். நமக்கு ஒரு பத்தி விளக்கம் தேவைப்படுகிறது.

தெற்கே ஸ்பெயினில் காற்றே வேறு. டொலேடோவில் இருந்த சாஞ்செஸ் கோத்தான் 1602இல் வரைந்த படம் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல்லால் ஆன ஜன்னல் சட்டம், அதற்குப் பின்னால் கும்மிருட்டு. மேலேயிருந்து நூலில் எலுமிச்சை, ஆப்பிள், கௌதாரி, சின்னக் குருவிகள் தொங்குகின்றன. கீழே முள்ளங்கியும் கேரட்டும் வெளுத்த தண்டுக்கீரைபோல ஒன்றும். பழத்தையும் பறவையையும் இப்படித் தொங்கவிடுவது கெடாமல் வைக்க அந்தக் காலத்து வீடுகளில் செய்ததுதான். ஆனால் இந்தப் படத்தில் ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக, ஒன்றையொன்று இடிக்காமல், தியானத்தில் இருப்பது போல இருக்கிறது. அடுத்த ஆண்டே கோத்தான் டொலேடோவை விட்டுக் கிளம்பி, கார்த்தூசியத் துறவிகளோடு சேர்ந்தார். அவர்கள் கறி தொடாதவர்கள். கௌதாரியை அவ்வளவு அன்பாக வரைந்தவர் மீதி நாளெல்லாம் அதைச் சாப்பிடாமலே கழித்தார்.

இன்னொரு ஸ்பானிய ஓவியர் சுர்பரானின் ஆட்டுக்குட்டியும் அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. 1635க்கும் 1640க்கும் இடையில் வரைந்தது, மேசைமேல் விரிக்கும் ஒரு துண்டின் அளவுகூட இல்லாத சின்னப் படம். நாலு காலும் சேர்த்துக் கட்டிய குட்டி, சாம்பல் நிறக் கல்மேல் கிடக்கிறது. அது இன்னும் சாகவில்லை. கிறிஸ்தவர்களுக்கு இது பலியாகும் ஏசுவின் உருவம், படத்தின் பெயரே இறைவனின் ஆட்டுக்குட்டி. ஆனால் ஒளிவட்டமோ எழுத்தோ எதுவும் இதில் இல்லை. கட்டிய கயிறு கம்பளி ரோமத்தில் புதைந்திருக்கும் இடத்தைப் பார்த்தால் மதம் தெரியாதவருக்கும் தொண்டை அடைக்கும். நான் சொன்ன கர்வமும் பசியும் இந்தப் படத்திடம் தோற்றுவிடுகின்றன. விதிவிலக்கு என்று ஒப்புக்கொண்டு மேலே போகிறேன்.

ஓவியர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த விஷயமே வேறாகத் தெரியும். அவர்களுக்கு முயல் என்பது ஒரு பரீட்சை. மனித முகத்தைத் தோராயமாக வரைந்தாலும் பார்ப்பவர் மனசு அதை முடித்துக்கொள்ளும். ரோமம் அப்படி இல்லை, கொஞ்சம் தவறினாலும் துணி மாதிரியோ வைக்கோல் மாதிரியோ ஆகிவிடும். முயலின் முதுகில் ரோமம் முரடு, அடிவயிற்றில் வெள்ளையாகப் பஞ்சு போல, காதின் உள்பக்கம் தோல் தெரியும் அளவுக்கு மெல்லிசு. ஒரே தூரிகை இந்த மூன்றுக்கும் ஒத்துவராது. முதலில் அடியில் பழுப்பும் சாம்பலுமாக ஒரு படலம். அது ஈரமாக இருக்கும்போதே ரோமம் படியும் திசையில் வேறு நிறங்களை இழுத்துக் கலப்பார்கள். எண்ணெய் வண்ணம் மெதுவாகக் காய்வதால் இதற்கு அவகாசம் கிடைக்கும். காய்ந்த பிறகு நுனிமெல்லிய தூரிகையால் ஒளிபடும் இடத்தில் மட்டும் சில தனி முடிகள், கடைசியாக மீசை. எல்லா முடியையும் வரைவதில்லை. பத்து முடியைச் சரியான இடத்தில் வைத்தால் மீதிப் பத்தாயிரத்தைப் பார்ப்பவர் கண்ணே வரைந்துகொள்ளும்.

யான் வேனிக்ஸின் முயல்களை இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். வயிற்று ரோமம் பிரிந்து கிடக்கும் இடத்தில் கை வைக்கத் தோன்றும். ஸ்னைடர்ஸின் மாணவர் யான் ஃபெய்ட்டோ வேறு ரகம். அவர் கோடுகள் துண்டு துண்டாக, அவசரமாக இருக்கும். அருகில் போனால் வெறும் வண்ணக் கீறல்கள், நாலடி தள்ளி நின்றால் சிலிர்த்த இறகு.

பிணம் கெட்டுப்போகாதா என்று நீங்கள் கேட்கலாம். கெடும். ஆனால் வேட்டைக் கறியைச் சில நாள் குளிர்ந்த இடத்தில் தொங்கவிட்டு, இளகிய பிறகு சமைப்பதுதான் அங்கே வழக்கம். ஆணியில் தொங்கும் பறவை என்பது ஓவியத்துக்காகச் செய்த ஏற்பாடு மட்டும் அல்ல, அன்றைய சரக்கு அறையில் தினமும் கண்ணில் படும் காட்சி. சில படங்களில் ஓர் ஈயும் உட்கார்ந்திருக்கும். அந்த ஈ ஓவியரின் குறும்பு. பார்ப்பவர் அதை விரட்டக் கையை ஓங்கினால் அவர் ஜெயித்துவிட்டார்.

செத்தவற்றுக்கு நடுவில் உயிரோடு ஏதாவது இருக்கிறதா என்று தேடுவதும் இந்தப் படங்களில் ஒரு சுகம். பல நேரம் ஒரு நாய், எஜமான் விசுவாசத்தோடு காவல் இருக்கும். இல்லாவிட்டால் ஒரு பூனை, அதற்கு அந்த விசுவாசமெல்லாம் கிடையாது. ஆன்ட்வெர்ப் பாணியில் வளர்ந்த கிளாரா பேட்டர்ஸ், பெண்கள் ஓவியராவது அரிதாக இருந்த காலத்தில் 1611இல் வரைந்த ஒரு படம் பிராடோவில் இருக்கிறது. செத்த பறவைகள் கிடக்கும் கூடையின் விளிம்பில் ஒரு வல்லூறு உயிரோடு உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் சீனப் பீங்கானும் சிப்பிகளும். கொன்றதும் கொல்லப்பட்டதும் ஒரே கூடையில், அதுவும் எந்தச் சலனமும் இல்லாமல். 2016இல் பிராடோ தன் வரலாற்றில் முதன்முறையாக ஒரு பெண் ஓவியருக்கென்று தனிக் கண்காட்சி வைத்தபோது தேர்ந்தெடுத்தது இவரைத்தான்.

உயிருள்ள பறவைகள் என்றால் மெல்கியோர் டி ஹோண்டகூட்டர். யான் வேனிக்ஸுக்கு உறவுமுறையில் சகோதரர். இவர் வேட்டைப் படங்களும் வரைந்தார், ஆனால் பேர் வாங்கியது பண்ணைப் பறவைகளிலும் தூர தேசப் பறவைகளிலும்தான். 1680ஐ ஒட்டி வரைந்த ஒரு படத்தில் குளக்கரையில் கூழைக்கடா நிற்கிறது, சுற்றிலும் வாத்துகளும் வேறு பறவைகளும். ஆனால் படத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது தண்ணீரில் மிதக்கும் ஒரே ஓர் இறகு. ‘மிதக்கும் இறகு’ என்றே ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் அதைக் கேட்கலாம். பாரீஸ் பக்கத்தில் பீட்டர் பூல் இன்னொரு பாதையில் போனார். வெர்சாயில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி வைத்திருந்த விலங்குக் காட்சிச்சாலைக்கே போய், உயிரோடு இருந்த விலங்குகளைப் பார்த்து, ஒவ்வொன்றையும் பல கோணங்களில் வரைந்து குவித்தார். அரச பட்டறையின் திரைச்சீலைகளுக்கு அவை மாதிரிகள். செத்ததை வரைவதற்கும் உயிருள்ளதை வரைவதற்கும் இடையே ஃபெலிபியென் போட்ட அந்த ஒரு படியை ஏறியவர்கள் இவர்கள்.

ரைக்ஸ் மியூசியத்தில் இன்னொரு படம் இருக்கிறது, பல படங்களை இணையத்தில் இலவசமாகப் பெரிதாக்கிப் பார்க்க விடுவது போல இதையும் விடுகிறார்கள். ரெம்ப்ரான்ட் 1639ஐ ஒட்டி வரைந்த இரண்டு மயில்கள். ஒரு மயில் கால் கட்டித் தலைகீழாகத் தொங்குகிறது. இன்னொன்று கல் திண்ணையில் மல்லாந்து கிடக்கிறது, அடியில் ரத்தம் தேங்கியிருக்கிறது. அருகில் ஒரு கூடையில் பழங்கள். இதுவரை சொன்ன எல்லாமே இதில் உண்டு: சரக்கு அறை, விலை உயர்ந்த பறவை, இறகில் ஓவியரின் கைவரிசை. அந்தக் காலத்துப் பெரிய விருந்துகளில் பறவையின் கறியை மாவுக்கூட்டுக்குள் வைத்துச் சுட்டு, அதன் தலையையும் சிறகையும் மேலே குத்தி அலங்கரித்து மேசைக்குக் கொண்டுவருவார்கள். இந்த மயில்களும் அதற்குத்தான் காத்திருக்கலாம்.

ஆனால் பின்னால் ஜன்னலில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். இரண்டு கையையும் ஜன்னல் கட்டையில் வைத்துச் சாய்ந்துகொண்டு பறவைகளைப் பார்க்கிறாள். வாங்கிய வியாபாரிக்கும் வரைந்த ஓவியருக்கும் இல்லாத ஒரு பார்வை அது. பயம் இல்லை, அழுகை இல்லை, பசியும் தெரியவில்லை. எத்தனை முறை பெரிதாக்கினாலும் அந்த முகம் இருட்டுக்குள் கொஞ்சம் பின்வாங்கியே நிற்கிறது.